பதக்கமும் பட்டாவும்

ஆண்டுதோறும் ஜனவரி 25ந் தேதி டில்லியிலிருந்து ஒரு பட்டியல் வெளிவருகிறது. பத்ம விபூஷண் இன்னாருக்கு, பத்ம பூஷண் இன்னாருக்கு, பத்மஸ்ரீ இன்னாருக்கு என்று. மறுநாள் குடியரசு தினம். கொடியேற்றத்தோடு அந்தப் பட்டியலும் ஊர்ப் பேச்சாகிறது. பெயர் வந்தவர் வீட்டில் மாலையும் கையுமாகக் கூட்டம். பெயர் வராதவர் வீட்டில் பெருமூச்சு!

நம் தோழர்கள் அந்தப் பட்டியலைப் படிக்கிறார்களா? பெரும்பாலோர் படிப்பதில்லை. திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் தோல் தொட்டியில் இறங்கி நிற்பவருக்கும், சின்னாளபட்டியில் தறிக்குழியில் கால் போட்டிருப்பவருக்கும், நிலக்கோட்டைத் தோட்டத்தில் விடிவதற்கு முன் மல்லிகை பறிப்பவருக்கும் அந்தப் பட்டியல் தூரத்து இடிமுழக்கம். "அது பெரிய இடத்துச் சமாசாரம். நமக்கும் அதற்கும் என்ன ஒட்டு, என்ன உறவு?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் இல்லாத கேள்வி அல்ல. இதே திண்டுக்கல் சீமையில், பட்டிவீரன்பட்டிப் பக்கத்தில், குழிநிலமும் சொந்தமில்லாத தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் இருமுறை வந்திருக்கிறது. 1989இல் பத்மஸ்ரீ. 2020இல் பத்ம பூஷண். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் என்பது அவர் பெயர்.

அவர் கதையைத் தெரிந்துகொண்டால், பதக்கம் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பது நமக்கு விளங்கிவிடும்.

பட்டம் போய்ப் பதக்கம் வந்த கதை

முதலில் இந்த விருதின் பூர்வோத்திரத்தைப் பார்ப்போம். வெள்ளைக்காரன் ஆண்ட நாளில் பட்டங்கள் பவனி வந்தன. சர் பட்டம், திவான் பகதூர், ராவ் பகதூர், ராவ் சாகிப்! சலாம் போட்ட கைக்குச் சன்மானமாக வந்தவை அவற்றில் எத்தனையோ! நாடு விடுதலை பெற்றதும் அரசியல் சட்டம் எழுதியவர்கள் அந்தப் பவனிக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். இராணுவச் சிறப்பும் கல்விச் சிறப்பும் நீங்கலாக, சர்க்கார் எந்தப் பட்டமும் வழங்கக்கூடாது என்று 18வது விதி சொல்கிறது.

பிறகு 1954 ஜனவரி 2ந் தேதி பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் ஏற்படுத்தப்பட்டன. அந்த ஆண்டு பாரத ரத்னா பெற்ற மூவர் ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி. வி. ராமன். பத்ம விருது அப்போது முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று ரயில் வண்டியைப் போல் இருந்தது! 1955 ஜனவரியில்தான் விபூஷண், பூஷண், ஸ்ரீ என்ற பெயர்கள் வந்தன.

"பட்டம் கூடாதென்று எழுதிய கையாலேயே இதென்ன?" என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆச்சார்ய கிருபளானி இவற்றை ஒழிக்கப் பார்லிமெண்டில் மசோதாவே கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. 1977 ஜூலையில் ஜனதா சர்க்கார் விருதுகளை நிறுத்தியது. 1980 ஜனவரியில் இந்திரா காந்தி சர்க்கார் திரும்பக் கொண்டுவந்தது. பிறகு விவகாரம் கோர்ட் படியேறிற்று. 1995 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: இவை பட்டங்கள் அல்ல, ஆகவே சட்டத்துக்கு விரோதமும் அல்ல, ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டவைத்துக்கொள்ளக் கூடாது என்று.

தீர்ப்பு வந்து எத்தனை ஆண்டு! இன்றும் கல்யாணப் பத்திரிகையிலும் கடைத்திறப்பு நோட்டீசிலும் "பத்மஸ்ரீ" என்ற எழுத்து பெயருக்கு முன்னால் பல்லிளிக்கிறது. கோர்ட் சொன்னதும் காற்றோடு போயிற்று.

இந்த விருதோடு பணம் ஒரு காசு வருவதில்லை. ரயில் சலுகை கிடையாது. ஜனாதிபதி கையெழுத்திட்ட ஒரு பத்திரமும் ஒரு பதக்கமும்தான். மதுரை ஜில்லா சின்னப்பிள்ளையை நினைத்துப் பாருங்கள். களஞ்சியம் என்ற சிறுசேமிப்பு இயக்கத்தைக் கிராமப் பெண்களிடையே வளர்த்த விவசாயக் கூலிப் பெண். 2001இல் டில்லி விழாவில் பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். நாடே வியந்தது. 2019இல் பத்மஸ்ரீயும் வந்தது. ஆனால் 2024இல், தனக்கு அறிவித்த வீடு இன்னும் வந்து சேரவில்லை என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. செய்தி வெளியான பிறகுதான் மாநில சர்க்கார் வீடு கட்டித்தர உத்தரவிட்டது. காலைத் தொட்டு வணங்கிய நாடு, அந்தக் கால் நீட்டிப் படுக்க ஒரு கூரைக்குக் கணக்குப் பார்த்தது!

ஆகவே பதக்கத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அதன் விலை, அதை அணிபவரின் விலைதான்.

பண்ணை நிலத்திலிருந்து படிப்புக்கு

1926இல் பிறந்தார் கிருஷ்ணம்மாள். அந்த நாளில் நிலமற்ற வீட்டில், அதுவும் தாழ்த்தப்பட்டவர் வீட்டில், பெண் குழந்தை பள்ளிக்கூடம் போவது என்பது கல்லில் நார் உரிப்பதற்குச் சமம். அவர் படித்தார். கல்லூரி வரை படித்தார். கைகொடுத்தவர் டாக்டர் சவுந்திரம் ராமச்சந்திரன்.

அந்த அம்மையாரைப் பற்றித் திண்டுக்கல் தோழர்களுக்குச் சொல்ல வேண்டுமா? டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். பஸ்களும் லாரிகளும் ஓடிய செல்வ வீடு. இளம் வயதில் கணவரை இழந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி மூலையில் முடங்கவில்லை. டாக்டருக்குப் படித்தார், மறுமணம் செய்துகொண்டார், கணவர் ஜி. ராமச்சந்திரனோடு 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார். 1962இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனார், மத்தியில் கல்வி உதவி மந்திரியும் ஆனார். அதே 1962இல் அவருக்குப் பத்ம பூஷண்.

செல்வ வீட்டிலிருந்து இறங்கி வந்த பெண் ஒருவர். சேற்று வயலிலிருந்து ஏறி வந்த பெண் மற்றொருவர். இருவருக்கும் இதே திண்டுக்கல் சமவெளி களமாயிற்று.

கிருஷ்ணம்மாள் 1950இல் ஜெகந்நாதனை மணந்தார். ஜெகந்நாதன் வசதியான குடும்பத்துப் பிள்ளை. மேல்சாதி என்று சொல்லப்பட்ட வீடு. காந்தியாரின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பை உதறியவர், 1942 போராட்டத்தில் சிறை சென்றவர். நாடு விடுதலை பெற்ற பிறகே திருமணம் என்று காத்திருந்து செய்த திருமணம் அது. சாதி ஒழிப்பை மேடையில் முழங்குவது எளிது. மணமேடையில் முழங்கிக் காட்டியவர்கள் அந்த இருவரும்.

கேட்டு வாங்கிய நிலமும் கேளாமல் எரிந்த குடிசையும்

1951 ஏப்ரலில் தெலிங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே பூதான இயக்கத்தைத் தொடங்கினார். தெலிங்கானாவில் உழவர்கள் நிலத்துக்காக ஆயுதம் ஏந்திப் போராடிக்கொண்டிருந்த நேரம் அது. நிலப்பிரபுவின் மனத்தைத் தொட்டு நிலத்தைத் தானமாகப் பெறலாம் என்றார் வினோபா. ஜெகந்நாதன் வடக்கே அவரோடு நடந்தார். பின்னர் தம்பதிகள் தமிழ்நாட்டில் ஊர் ஊராக நடந்தார்கள்.

இங்கே ஒளிவு மறைவின்றிப் பேசுவோம். பூதானத்தைப் பற்றி உழைப்பாளி மக்களின் இயக்கங்களுக்குக் கடுமையான விமர்சனம் உண்டு. அது நியாயமான விமர்சனம். நாடு முழுவதும் சுமார் 40 லட்சம் ஏக்கர் தானமாக எழுதப்பட்டது. அதில் எத்தனை பாறை, எத்தனை களர், எத்தனை கோர்ட் வழக்கில் கிடந்தது! காகிதத்தில் வந்த நிலம் பல லட்சம் ஏக்கர் உழுபவன் காலடிக்கு வந்து சேரவேயில்லை. உரிமையாகக் கேட்க வேண்டியதைத் தானமாகக் கேட்டால், கொடுப்பவன் வள்ளலாகிறான், பெறுபவன் இரவலனாகிறான். இந்த வாதத்தில் ஓர் எழுத்தையும் நாம் மாற்ற வேண்டியதில்லை.

அடுத்து வந்தது 1968 டிசம்பர் 25. கீழத்தஞ்சையில் கீழவெண்மணி. கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டுச் சங்கம் அமைத்த குற்றத்துக்காக, ஒரே குடிசையில் அடைபட்டுக் கருகினார்கள் 44 பேர். பெண்கள், முதியவர்கள், பச்சைக் குழந்தைகள்! நாகப்பட்டினம் கோர்ட் தண்டித்த மிராசுதாரர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அந்தக் கதையை நம் தோழர்களுக்குத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. நெஞ்சில் கனலாகவே இருக்கிறது.

அந்தச் செய்தி கேட்டதும் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் செய்தது என்ன? அனுதாபத் தீர்மானம் போட்டுவிட்டு வீட்டில் இருக்கவில்லை. கீழத்தஞ்சைக்கே போனார்கள். அந்த மண்ணிலேயே தங்கினார்கள். திண்டுக்கல் பக்கத்துப் பெண், காவிரிக் கடைமடைச் சேரியில் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார்.

தானம் கேட்டு அலைந்த அனுபவம் அவருக்கு ஒன்றைக் கற்பித்திருக்க வேண்டும். 1981இல் "லாஃப்டி" என்று அறியப்படும், உழுவோரின் நில உரிமைக்கான இயக்கத்தை அவர்கள் தொடங்கியபோது, முறையே வேறாக இருந்தது. நிலத்தை விற்க முன்வரும் மிராசுதாரரையும் நிலமற்ற கூலிக் குடும்பங்களையும் எதிரெதிரே உட்கார வைப்பது. நியாய விலை பேசி முடிப்பது. பாங்கியில் கடன் பெறுவது. குடும்பங்கள் கூடி உழுது, விளைச்சலிலிருந்து கடனை அடைப்பது. நிலம் வாங்கக் கூலிக்காரனுக்குக் கடனா என்று பாங்கிகள் முதலில் முகம் சுளித்தன. பத்திரம் பதிய முத்திரைக் கட்டணம் கழுத்தை நெரித்தது. படி ஏறி இறங்கினார், மனுக் கொடுத்தார், உண்ணாவிரதம் இருந்தார்.

பலன்? 2007 வரையில் சுமார் 13,000 ஏக்கர், சுமார் 13,000 குடும்பங்களுக்கு. குடும்பத்துக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர். ஓர் ஏக்கர்தானா என்று இளக்காரம் பேசாதீர்கள். தலைமுறை தலைமுறையாக வரப்பில் நிற்கவும் அனுமதி கேட்டவனுக்கு அந்த ஓர் ஏக்கர் ஒரு ராஜ்ஜியம்! இன்னொன்றையும் கவனியுங்கள்: நிலம் பெண்ணின் பெயரில் எழுதப்பட்டது. ஆண் பெயரில் எழுதினால் அது அடகுக்கும் சாராயத்துக்கும் போய்விடும், பெண் பெயரில் இருந்தால் பிள்ளை வயிற்றுக்குப் போகும் என்பது சேரியிலேயே வாழ்ந்தவர் அறிந்த பொருளாதாரம்.

அதற்குள் இன்னொரு பூதம் கிளம்பிற்று. இறால் பண்ணைகள்! நெல் விளைந்த கடலோர மண்ணை உப்புக் குட்டையாக்கின, குடிநீரைக் கெடுத்தன. ஜெகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996 டிசம்பர் 11இல் தீர்ப்பு வந்தது: கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் கட்டிய இறால் பண்ணைகளை அப்புறப்படுத்துக என்று. உழவன் வென்றான் என்று ஊர் மகிழ்ந்தது. ஆனால் 2005இல் பார்லிமெண்டில் புதிய சட்டம் வந்து, மூடிய கதவைத் திறந்துவிட்டது.

இதுதான் விசித்திரம்! 1989இல் ஒரு கையால் பதக்கம். 2005இல் மறு கையால் அதே குடும்பம் வாங்கிய தீர்ப்பை நீர்க்கச் செய்யும் சட்டம். 2020இல் மீண்டும் ஒரு பதக்கம், அதனினும் பெரிது! கழுத்துக்கு மாலை, காலுக்குக் கட்டை.

ஒரே பட்டியலில் இருவர்

2020ம் ஆண்டுப் பட்டியலில் மொத்தம் 141 விருதுகள். அதில் பத்ம பூஷண் 16. அந்தப் பதினாறில் கிருஷ்ணம்மாளும் ஒருவர், டி.வி.எஸ். மோட்டார் கம்பெனியின் வேணு சீனிவாசனும் ஒருவர். சுந்தரம் ஐயங்காரின் பேரர் அவர். அன்று ஏழைப் பெண்ணுக்குப் படிக்கக் கைகொடுத்த சவுந்திரம் அம்மையாரின் மருமகன் முறை. காலம் போடும் கோலத்தைப் பாருங்கள்! தொழில் அதிபருக்கும் நிலமற்றவர் வீட்டுப் பெண்ணுக்கும் ஒரே பதக்கம், ஒரே பட்டியல்.

"இதுதான் சமத்துவம்" என்பார் சிலர். அவசரப்பட வேண்டாம். பதக்கம் ஒன்றுதான். பட்டியலுக்குப் போகும் பாதை ஒன்றா? செல்வருக்கும் பெரிய பதவியில் இருப்பவருக்கும் பரிந்து எழுத ஆயிரம் பேனாக்கள் உண்டு. உழைப்பாளியின் பெயரை எழுத எந்தப் பேனா திறக்கிறது?

1989இல் பத்மஸ்ரீ வந்தபின், அடுத்த படிக்கு வர 31 ஆண்டு ஆயிற்று. இடையில் 2008இல் சுவீடன் நாட்டிலிருந்து, மாற்று நோபல் என்று உலகம் போற்றும் ரைட் லைவ்லிஹுட் விருது அவருக்கும் ஜெகந்நாதனுக்கும் சேர்த்து வந்தது. கடல் கடந்த ஸ்டாக்ஹோமுக்குக் கீழவெண்மணி தெரிந்தது!

வாங்கலாமா, மறுக்கலாமா?

தோழர்கள் கேட்பார்கள்: "அப்படியானால் இந்த விருதை மறுப்பதல்லவா மானம்?" மறுத்தவர்கள் உண்டு. 1992இல் பத்ம விபூஷண் தேடி வந்தபோது இ. எம். எஸ். நம்பூதிரிபாட் வேண்டாம் என்றார். 2022இல் புத்ததேவ் பட்டாச்சார்யா பத்ம பூஷணை மறுத்தார். அவர்கள் செய்தது சரி. மக்கள் பணிக்குச் சர்க்கார் முத்திரை தேவையில்லை என்பது அவர்கள் கொள்கை. அதைச் சொல்ல அவர்களுக்குத் தகுதி உண்டு, ஏனெனில் தேடி வந்ததைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஆனால் வராத விருதை மறுப்பது தியாகமா? நம்மில் பலர் செய்வது அதுதான். பட்டியலைப் பார்க்காமலே காறி உமிழ்கிறோம். விளைவு என்ன? களம் காலியாகக் கிடக்கிறது. சிபாரிசுக் கடிதத்தோடு வருபவர் நுழைகிறார்.

ஏட்டில் உள்ள விதியைப் பாருங்கள். பத்ம விருதுக்கு எந்தக் குடிமகனும் எவர் பெயரையும் முன்மொழியலாம். மந்திரியின் கடிதம் வேண்டாம், கலெக்டரின் சீட்டு வேண்டாம். உள்துறையின் இணையதளத்தில், 800 சொற்களுக்குள் அவர் செய்த பணியை எழுதினால் போதும். பிரதமர் அமைக்கும் குழு, காபினெட் செயலாளர் தலைமையில் கூடிப் பார்க்கிறது. அந்தக் குழுவில் மண்வெட்டி பிடித்த கைக்கு இடம் வேண்டும் என்று விதி ஏதும் இல்லை. இருக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அதுவரையில், கதவில் இருக்கும் இடுக்கிலாவது நம் மக்களின் பெயர்களை நுழைக்க வேண்டாமா?

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி. பூட்டுக்குப் பெயர் கிடைத்தது. அரம் பிடித்துப் பிடித்து ரேகை அழிந்துபோன கைக்கு? அலிகார் பூட்டு மலிவாக வந்து குவிந்த பிறகும், மாங்காய்ப் பூட்டின் நுட்பத்தை மறக்காமல் வைத்திருக்கும் முதியவருக்கு? சின்னாளபட்டியில் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுப் போட்டுக் கண் மங்கிய தாய்க்கு? தோல் தொட்டியில் நின்று கால் புண்ணாகியும் கூலிக்காரர் சங்கத்தை அரை நூற்றாண்டு கட்டிக் காத்தவருக்கு?

ஒவ்வொரு கிளையும் ஒரு வேலை செய்யட்டும். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருக்கிறாரா? இருக்கிறார்! அவர் வீட்டுக்குப் போங்கள். உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு, எந்தப் போராட்டம், எத்தனை பேருக்கு என்ன கிடைத்தது என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். படிக்கத் தெரிந்த இளைஞன் அதை இணையதளத்தில் ஏற்றட்டும். விருது வருமா? வராமலும் போகலாம். ஆனால் எழுதிய காகிதம் மிஞ்சும். எழுதாததால்தான் நம் முன்னோர் செய்ததெல்லாம் மிராசுதாரன் பரம்பரைக் கதையில் ஓரத்து வரியாகிவிட்டது!

அளவுகோல் எது?

கிருஷ்ணம்மாளின் பாதை நம் பாதை அல்ல. சர்வோதயம் அவர் வழி. சங்கமும் போராட்டமும் நம் வழி. மிராசுதாரன் மனம் இளகும் என்று அவர் நம்பினார். நாம் நம்பவில்லை. தமிழ்நாட்டில் நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வந்து, 1970இல் 15 ஆகக் குறைந்தது. பினாமிப் பெயரிலும் தர்ம ஸ்தாபனப் பெயரிலும் நிலம் எப்படி ஒளிந்துகொண்டது என்பதும் நாம் கண்டதுதான். இளகாத மனத்துக்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் இதைச் சொல்லிவிட்டு, அவரைப் பார்த்து நாம் ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். வெண்மணி நினைவு நாளில் ஆண்டுதோறும் கொடியேற்றுகிறோம். கொடி இறங்கிய பிறகு, அந்தச் சேரியில் எத்தனை நாள் தங்கினோம்? அவர் தங்கினார். பாங்கியின் படியில் எத்தனை முறை ஏறினோம்? அவர் ஏறினார். கருத்து வேற்றுமை என்பது உழைப்பில் குறை வைப்பதற்குச் சமாதானம் ஆகாது தோழர்களே!

விருதுகளுக்கெல்லாம் ஓர் அளவுகோல் உண்டு. அதைத் திண்டுக்கல் சமவெளிப் பெண் ஒருவர் கீழத்தஞ்சைச் சேற்றில் ஊன்றி வைத்திருக்கிறார். பதக்கம் பெயருக்கு முன்னால் வரக்கூடாது என்றது கோர்ட். பட்டா ஏழைப் பெண்ணின் பெயரில் வரவேண்டும் என்றார் அவர். ஒரு பதக்கத்துக்குப் பின்னால் எத்தனை பட்டா என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை இருந்தால் வணங்குங்கள். இல்லையென்றால், அது வெறும் வெண்கலம்.

ஜனவரி 25 மீண்டும் வரும். பட்டியலும் வரும். இந்த முறை அதைக் கையில் எடுத்துப் படியுங்கள். யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, யார் பெயர் இல்லை என்பதை எழுத உட்காருங்கள்!